மணல்மேட்டு நாகம்மா

சர்க்கரை வந்தால் பின்னாலேயே குருவியும் வரும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. கிளினிக்கில் இருந்த சின்னப்பெண் டாக்டர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "ஆன்ட்டி, தினம் காலையில பார்க்குல நடங்க" என்றாள். எங்கள் தாமான் குடியிருப்பிலும் பார்க் உண்டு. அதில் ஒரு சறுக்குமரம், ஏறுவதற்குப் படி இல்லை. ஓர் ஊஞ்சல், உட்காரப் பலகை இல்லை. மிச்ச இடத்தில் மளிகைக் கடைக்காரர் தன் செத்துப்போன வேனை நிறுத்தி வைத்திருக்கிறார். அதனால் நான் திடலுக்குப் போனேன்.

திடல் எஸ்டேட் காலத்தில் பந்து விளையாடிய இடம். எஸ்டேட் கைமாறியது, நாங்கள் இருந்த லயங்களை இடித்தார்கள், எங்களைத் தாமான் வீடுகளில் கொண்டுவந்து அடைத்தார்கள். திடலை மட்டும் யாரும் விழுங்கவில்லை. நல்ல மனசால் அல்ல. தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன, கீழே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. ஆக, யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலம் எல்லாருக்கும் சொந்தமானது. மாடு மேயும், பழைய மெத்தைகள் வந்து விழும், ஓரத்தில் அம்மன் கோயில் இருக்கும். கடலோரத்து ஜெராம் பக்கமிருந்து காற்று அடித்தால் கருவாட்டு வாசனையும் இலவசம்.

குளிர் நாடுகளில் சித்திரை, வைகாசி மாதங்களை வசந்தத்தின் கடைசி என்பார்களாம். எங்களுக்கு இருப்பது இரண்டு காலம்தான். ஒன்று மழை பெய்கிற காலம். மற்றது, "மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு" என்கிற காலம். ஆனால் சித்திரை மாதம் அந்தத் திடலில் போய் நின்று பார்த்தால், சொல்லி வைத்த மாதிரி எல்லாம் பூத்துக் கிடக்கும். தொட்டாச்சிணுங்கி இளஞ்சிவப்பில் உருண்டை உருண்டையாக, செண்டுடோக் ஊதாவில், உண்ணிப்பூ ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாக, லாலான் புல் வெள்ளைக் குஞ்சத்தோடு. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஓலையைத் தின்னும் புழுவைக் கொல்வது குளவி. அந்தக் குளவிக்குத் தேன் வேண்டுமென்று எஸ்டேட்காரர்கள் பாதையோரம் நட்ட மஞ்சள் பூவும் வேலி தாண்டி எங்கள் பக்கம் குடிவந்துவிட்டது. அது காலையில் சாவகாசமாக விரியும், மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். எஸ்டேட்டில் கணக்கு எழுதிய எங்கள் பழைய கிராணியின் ஆபீஸ் நேரமும் அதுவேதான்.

இதையெல்லாம் கவனிக்கிற கண் எனக்கு எப்படி வந்தது என்றால், நான் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையே அதுதான். கையுறையில் காற்றடைத்து, விளக்குக்கு முன் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு ஓய்வூதியம் எதுவும் கிடைக்கவில்லை. மனிதர்களிடம் ஓட்டை பார்க்கிற பழக்கம் மட்டும் மிஞ்சியது.

புஞ்சாக் ஆலாமில் வேலை பார்க்கும் மகன், அம்மா நடக்கிறாள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்துபோனான். காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கித் தருவான் என்று பார்த்தால் ஒரு பைனாகுலரைக் கொண்டுவந்து கொடுத்தான். கோலசிலாங்கூர் ஆற்றில் மின்மினி பார்க்கப் படகில் போனபோது வாங்கியதாம். இருட்டில் மின்மினி பார்க்க பைனாகுலர் வாங்கிய புத்திசாலி என் வயிற்றில்தான் பிறந்தான். இருந்தாலும் வீணாக்குவானேன் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

காலி நிலத்தில் ஒருத்தி தூரக்கண்ணாடியோடு நின்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு நாளில் கோயில் தலைவர் என் வீட்டு வாசலில் நின்றார். அவர் முன்னாள் மண்டோர், எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிய கங்காணி. எஸ்டேட் போனாலும், முன்னால் ஆட்கள் வேலை செய்வதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் நடை போகவில்லை.

"ஏம்மா, நெலத்த அளக்குறீங்களாமே? யாருக்கு விக்கப் போறாங்க?"

"அளக்கலைங்க. குருவி பாக்குறேன்."

"குருவியா? பாத்து?"

அந்த "பாத்து?" என்ற கேள்வியை இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோயில் செயலாளராக இருக்கும் என் கணவர் உள்ளேயிருந்து, "சும்மா பாக்குது அண்ணே, சக்கரைக்கு" என்று காப்பாற்றினார். செம்பனை லோரி ஓட்டிய மனிதர் அவர். வாயைத் திறந்தால் பெட்ரோல் செலவாகும் என்று நினைப்பவர்.

எங்கள் மக்களுக்குப் பறவை மூன்று வகை. கறுப்பாக இருந்தால் காக்கா, பெரிதாக இருந்தால் கழுகு, மற்றதெல்லாம் குருவி. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கண்ணாடியில் முதல் தடவை அது தெரிந்தபோது, "அம்மாடி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். செம்பழுப்புத் தலை, நீலத் தொண்டை, பச்சை இறக்கை, கண்ணுக்குக் கறுப்பு மை, வால் நடுவே ஊசி மாதிரி நீண்ட இறகு. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பஞ்சுருட்டான் என்று பெயராம், மகன் தேடிச் சொன்னான். இவ்வளவு அழகாக இருப்பதற்கு எங்கள் தாமானில் என்ன வேலை என்று அதைக் கேட்கத் தோன்றியது.

வேலை இருந்தது. திருப்பணிக்கென்று கோயில் கமிட்டி பல வருடங்களுக்கு முன்னால் லோரி லோரியாக மணல் கொண்டுவந்து கொட்டியது. திருப்பணி நடக்கவில்லை. மழை கரைத்து, மாடு மிதித்து, மணல் பரந்து ஒரு தாழ்ந்த மேடாகிவிட்டது. அந்த மேட்டில்தான் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டியிருந்தன. மரத்தில் அல்ல, தரையில், எலி வளை அளவு வாயோடு சரிவாக உள்ளே போகும் சுரங்கம். அதற்குள் குஞ்சு. திருப்பணிக் கமிட்டி உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான், அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

கோயில் சுவரை ஒட்டி இருந்த வளையின் ஜோடிமேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுகளைப் பார்க்காவிட்டால் எனக்குக் காலை டீ இறங்கவில்லை. மஞ்சள் பூவில் வந்து உட்காரும் தேனீயை ஒன்று லபக்கென்று பிடிக்கும். பிடித்ததும் விழுங்காது. கம்பியில் அடித்து அடித்து, கொடுக்கைத் தேய்த்து எடுத்த பிறகுதான் வளைக்குள் கொண்டுபோகும். நாம் பிள்ளைக்கு மீனில் முள் எடுத்து ஊட்டுவதில்லையா, அதே கவனம். என் மகனுக்கு நான் அவ்வளவு பார்த்து முள் எடுத்தேனா என்பது சந்தேகம்தான்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா அந்த வளையைக் கண்டுபிடித்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எங்கள் வட்டாரத்தில் அவர் கும்பிடாத கல் கிடையாது, சுற்றாத மரம் கிடையாது. வெள்ளிக்கு விரதம், செவ்வாய்க்கு விரதம், நடுவில் இருக்கிற நாட்களில் மற்றவர்களுடைய விரதத்தை விசாரிப்பார். இத்தனை நேர்த்திக்கடன் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அடுப்பில் இருக்கிற சோறு தீய்ந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் திடலுக்குப் போனபோது அந்த வளையைச் சுற்றி மஞ்சள் பொடி, குங்குமம், உடைத்து ஊற்றிய முட்டை. மணல் வெள்ளையாக நனைந்திருந்தது. அக்கா காலிப் பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா பண்றீங்க?"

"சத்தம் போடாதம்மா. நாகம்மா வந்து குடியிருக்கா. உள்ள 'கிர்கிர்'னு ஒரு சத்தம். என் காதால கேட்டேன். ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு."

எனக்கும் சிலிர்த்தது, வேறு காரணத்துக்காக. "அய்யய்யோ, அக்கா! அது குருவிக் கூடு! உள்ள குஞ்சு கத்துது!"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குருவி மரத்துலதான் கூடு கட்டும். மண்ணுக்குள்ள போறது எது? நீயே சொல்லு."

நான் மேலே கையைக் காட்டினேன். மின்கம்பியில் அது உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு தேனீ. இறங்க முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தியா, குருவிகூட அம்மாவ தரிசனம் பண்ண வந்திருக்கு!"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் ஆட்டோமேட்டிக் கேட் வைத்த வீட்டுக்காரர்கள்கூட வந்தார்கள். மணல்மேட்டில் இருந்த மற்ற வளைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, நாகம்மா குடும்பத்தோடு வந்திருப்பதாக முடிவு கட்டினார்கள். பால் பெட்டி பெட்டியாகக் கவிழ்ந்தது. மஞ்சள் துணி கட்டினார்கள். ஒருவர் வேப்பிலை செருகினார். கேட்டால் எல்லாருமே பாம்பைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் பார்த்த பாம்புக்கு நெற்றியில் திருநீறு இருந்ததாம்.

தலைவர் பின்னால் கைகட்டி இரண்டு சுற்று வந்தார். பக்கத்து எஸ்டேட் கோயிலில் புற்று உண்டு, எங்கள் கோயிலில் இல்லை. அந்தக் குறை அவரை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று அறிவித்தார்: "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கோத்தோங் ரோயோங். எல்லாரும் சேந்து சுத்தி சிமெண்டு போடுறோம், டைல்ஸ் ஒட்டுறோம், மேல தகரக் கூரை."

சாமி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், அதன் மேல் சிமெண்டு கொட்டாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது.

"தலைவரே, அது குருவி வளை. சிமெண்டு போட்டா குஞ்செல்லாம் உள்ளயே செத்துப்போகும்" என்றேன்.

"நீங்க க்ளவ்ஸ்ல ஓட்டை பாத்தவங்க. இது சாமி சமாச்சாரம்லா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் செய்தித்தாளை இறக்காமல், "அவங்க கேக்க மாட்டாங்க. அவங்க கேக்குற ஆளு சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார். அந்த மனிதர் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கேட்கிற ஆள் ஒருத்திதான், அவளும் கோயிலுக்குள் கல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கணவர் அப்போதே ஏதோ வாடை பிடித்தவர்போல் என்னைப் பார்த்தார். தீபாராதனை முடிந்தது, பம்பை ஓய்ந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு விடியக்காலைல கனவு வந்துச்சு. அம்மா வந்தா."

ஒரு நிமிஷத்தில் கோயில் அடங்கியது. சர்க்கரை பற்றி, ரத்த அழுத்தம் பற்றி, சாக்கடை அடைப்பு பற்றி நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"என்னா சொன்னா?" என்று தலைவரே கேட்டார்.

"பால் வேணாம்னா. மூச்சு முட்டுதுன்னா. சிமெண்டு போட்டா கோச்சுக்கிட்டுப் போயிருவேன்னா. இந்தத் தெடல்ல தானா பூத்த பூ மட்டும் போதும்னா. அதையும் தூரமா வச்சிட்டு, திரும்பிப் பாக்காமப் போகணுமாம்."

கணவர் கற்பூரத் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எத்தனை மணிக்கு எழுந்தேன், எப்படிக் குறட்டை விட்டேன் என்பதெல்லாம் தெரியும். ஆனால் பேசினால்தான் பெட்ரோல் செலவாகுமே.

பலித்தது. சிமெண்டு மூட்டைகள் வந்த லோரியிலேயே திரும்பிப் போயின. சணல் கயிறு கட்டி, மேட்டுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று தலைவரே காவல் நின்றார். ஆனால் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகவும் ஆனது. தானாகப் பூத்த பூ என்றதும் திடலே மொட்டையாகிவிடும்போல் பறித்தார்கள். ஜன்ம ஜன்மமாகச் செருப்பால் மிதித்த தொட்டாச்சிணுங்கிக்குத் திடீரென்று மரியாதை. முள் குத்திய விரலைக் காட்டி, "அம்மா சோதிக்கிறா" என்றார்கள். பூ போனால் தேனீ வராது, தேனீ வராவிட்டால் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை. எனவே அம்மன் மறுபடியும் என் கனவில் வந்து, ஆளுக்கு ஒரு பூ போதும் என்று திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கிடையில் என்னைத் தெருவில் நிறுத்தி, பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும், லைசென்ஸ் டெஸ்டில் பாஸாவானா என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். படிக்கச் சொல்லுங்கள் என்று அருள்வாக்குக் கொடுத்தேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

கயிற்றுக்கு அப்பால் பெரும்பாலான வளைகள் உயிர் பிடித்துவிட்டன. ஜோடிகள் மறுபடி இறங்கின, ஏறின, தேனீயைத் துவைத்தன. எனக்கு மனசெல்லாம் குளுகுளுவென்று இருந்தது. ஏமாற்றினேனே என்ற குற்ற உணர்ச்சி எல்லாம் ஒரு மண்ணும் இல்லை. ஆனால் கோயில் சுவரோரத்து வளையில் மட்டும் எதுவோ சரியில்லை. அந்த ஜோடியில் ஒன்று தேனீயோடு இறங்கி வளை வாயில் நிற்கும். உள்ளே எட்டிப் பார்க்கும். தேனீயை எடுத்துக்கொண்டே திரும்பிக் கம்பிக்குப் போகும். மறுபடி வரும், மறுபடி போகும். பிறகு அது வருவதும் நின்றுபோனது.

நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். அம்மன் வாய்க்கு யார் தடை சொல்வது? வளை வாயில் எறும்புச் சாரி. பாலும் முட்டையும் கெட்டு நாறின. இரண்டு குஞ்சுகள் வாசல் வரைக்கும் வந்திருந்தன. இறகு முளைத்து, முதுகில் பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. பால் காய்ந்து இறக்கைகள் உடம்போடு ஒட்டிப்போயிருந்தன. பாலில் செத்தனவா, எறும்பு கடித்துச் செத்தனவா என்று எனக்குத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்து வந்திருக்கின்றன, அவ்வளவுதான். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். தூரத்தில் நின்ற இரண்டு பெண்கள் எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்துக் கும்பிட்டார்கள்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் எனக்குத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்மேல்கூட வந்ததில்லை. இரண்டையும் செண்டுடோக் இலையில் சுற்றிக் கையில் பொத்திக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்தேன். "இந்தாங்க, உங்க நாகம்மா. நல்லா கண்ணத் தொறந்து பாருங்க. பால் ஊத்திக் கொன்ன புண்ணியத்த எந்தக் கோயில்ல போய்க் கழுவப் போறீங்க?" ஒவ்வொரு வார்த்தையையும் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன்.

கேட்டைத் திறக்கும் முன்னாலேயே அக்கா ஓடிவந்தார். தலை வாரவில்லை. முகமெல்லாம் ஈரம். என் கையைப் பிடிக்க வந்தார். நான் பொத்திய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தங்கச்சி, நானே ஒன்னத் தேடி வரலாம்னு இருந்தேன். ரவாங்ல இருந்து மக போன் பண்ணுச்சு. முழுகாம இருக்காளாம்!"

கை கிடைக்காமல் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. சொன்னா சிரிப்பாங்கன்னு. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் உண்டாகும், மூணு மாசம் தாண்டாது. கடைசியா போனது மட்டும் மாசம் தாண்டி முழுசா உருவம் வந்த புள்ள. ஆசுபத்திரியில துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க. நான்தான் பொதச்சேன். அன்னையில இருந்து கண்ணுல பட்ட சாமியெல்லாம் கும்பிட்டேன். யாரும் காது குடுக்கல. இந்த நாகம்மாதான் குடுத்தா. என் கையால ஊத்துன பாலக் குடிச்சிட்டுக் குடுத்தா."

இலைக்குள் இருந்தவை எடையே இல்லாமல் கிடந்தன. ஓர் எறும்பு மணிக்கட்டில் ஏறிக் கடித்தது, தட்டிவிடக் கை வரவில்லை.

"கையில என்னம்மா? அம்மாவுக்கு வச்ச பூவா? குடு, மகளுக்குக் குடுத்தனுப்புறேன்." அக்கா முந்தானையை விரித்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

"இல்லக்கா" என்றேன். "இது... வாடிப்போச்சு. வேற கொண்டாறேன்."

அக்கா முந்தானையை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "நீ அம்மாவ நேருல பாத்தவ. ஒன்கிட்டதானே பேசுறா. ஒரு வார்த்த சொல்லு தங்கச்சி. இந்தத் தடவ தங்குமா?"

அம்மன் என்னிடம் பேசியதே இல்லை, அக்கா. நான் புளுகினேன், குருவிக்காகப் புளுகினேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தது வேறு.

"தங்கும்க்கா."

அக்கா அங்கேயே குந்தி, வாயில் முந்தானையை வைத்து அழுதார். நான் திடலுக்குத் திரும்பி வந்து, மஞ்சள் பூச்செடிக்குக் கீழே மணலைக் கையால் பறித்து இரண்டையும் மூடினேன். பிறகு அந்தக் காலி வளைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளே பாம்பும் இல்லை, குஞ்சும் இல்லை, ஒன்றுமே இல்லை என்பது ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கயிற்றுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. கையைக் கூப்பினேன்.

"அந்தப் புள்ளையாவது தங்கட்டும் தாயே" என்றேன்.